மிதந்த ஷூவும் தேய்ந்த நாலு பல்லும்

1. மூணு மணி போன்

"ஏழுமலை, மிஷினை இன்னா பண்ணிட்டுப் போன நீ?"

வணக்கம் கிடையாது, சாப்பிட்டாச்சா கிடையாது. பேசியவர் முனீர் பாய். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியின் புரொடக்‌ஷன் மானேஜர். நான் முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். கஸ்டமர் கத்தினால் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பேச வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் ஸ்பேனர் பிடிப்பதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்வது நல்லது.

"டிரெய்ன் ஹோஸ்ல கிளாம்ப் மாத்தினேன் பாய். இன்னும் தண்ணி கசியுதா?"

"தண்ணி கசியல, ஷூ பிரியுது! ஆறு மாசமா ஒரு ஷூ பிரிஞ்சதில்ல. நேத்து நீ வந்துட்டுப் போன. இன்னைக்குக் காலையில நாலு ஜோடி போட்டா ரெண்டு ஜோடி வாயைப் பொளந்துகினு வருது. வெள்ளிக்கிழமை ஆர்டர் குடுத்த பையரோட ஆளு செக் பண்ண வர்றான். பேஜார் பண்ணாம உடனே கெளம்பி வா."

போனை வைத்ததும் என் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. உள்ளே நாலு பிளாஸ்டிக் பல்லும் பத்திரமாக இருந்தன. திங்கள்கிழமை போட்ட அதே சட்டை. ஊரார் துணியெல்லாம் வெளுக்க மெஷின் சரிபண்ணிக் கொடுக்கிறவனின் வேலைச் சட்டை வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீரைப் பார்க்கும் என்பது என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

2. நடுவில் தூண் நிற்கிற மெஷின்

அந்தப் பல் என்ன பல் என்று சொன்னால்தான் கதை புரியும்.

இப்போது வீடுகளில் இருக்கிற டாப் லோடிங் மெஷினைத் திறந்தால் அடியில் ஒரு தட்டு இருக்கும். அது பல்சேட்டர். தண்ணீரைச் சுழற்றிவிடும், துணி அதோடு சுற்றும், கடைசியில் புடவையும் பேன்ட்டும் பின்னிக்கொண்டு வெளியே வரும். பழைய மெஷின்கள் அப்படி இல்லை. டிரம்முக்கு நடுவில் ஒரு தூண் நிற்கும். அதுதான் அஜிடேட்டர்.

அதிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அடியிலிருந்து உச்சிவரை ஒரே துண்டு. நாலு பக்கமும் துடுப்பு. அரைச் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம் என்று வெடுக் வெடுக்கென்று திரும்பும். அடியில் கிடக்கிற துணிக்குச் சரியான அடி, மேலே கிடக்கிற துணிக்கு வேடிக்கை பார்க்கிற வேலை. ஒரு தடவை இந்த மெஷின் ஒன்றைக் குடியாத்தத்தில் ஒரு தறிக்காரக் குடும்பத்துக்கு விற்றேன். லுங்கியில் இருக்கிற கஞ்சியை எடுக்க வாங்கினார்கள். முதல் நாளே போன். போய்ப் பார்த்தால், தைக்காத லுங்கி எட்டும் தூணைச் சுற்றி இறுகிக்கொண்டு, மெஷினே லுங்கி கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வீட்டு அம்மா, "எங்க வீட்டு ஆம்பளைங்ககூட இவ்ளோ நல்லா கட்ட மாட்டாங்க" என்றார். மெஷின் என் கடைக்கே திரும்பி வந்துவிட்டது.

இன்னொரு ஜாதி, இரண்டு துண்டு. அடித்துண்டு துடுப்போடு முன்னும் பின்னும் திரும்பும். மேல்துண்டில் திருகாணி மாதிரி மரை ஓடும். அது ஒரே திசையில்தான் சுற்றும். சுற்றச் சுற்ற மேலே கிடக்கிற துணியை அடிக்கு இழுத்துப் போடும், அடியில் இருந்தது மேலே வரும். எல்லாத் துணிக்கும் சமமான அடி. பழைய டிசைன்களில் எனக்குப் பிடித்தது இதுதான். மேல்துண்டு ஒரு திசையில் பிடிப்பதும் மறு திசையில் விடுவதும் உள்ளே ஒளிந்திருக்கிற நாலு சின்ன பிளாஸ்டிக் பல்லால். விரல் நகம் அளவுதான் இருக்கும். அது தேய்ந்தால் அடித்துண்டு பாட்டுக்குத் திரும்பும், மேல்துண்டு சும்மா நிற்கும். பார்க்கிறவர்களுக்கு மெஷின் ஓடுகிற மாதிரியே தெரியும்.

ஷூ கம்பெனிக்கு எதற்கு இந்த மெஷின்? அவர்கள் வெளிநாட்டுக்குக் குழந்தைகள் ஷூ தைக்கிறார்கள். அழுக்கானால் அப்படியே வாஷிங் மெஷினில் போட்டு எடுக்கலாம் என்பதுதான் அந்த ஷூவின் பெருமை. அந்த நாட்டில் இன்னும் பல வீடுகளில் தூண் மெஷின்தானாம். அதனால் அதே மாதிரி மெஷினில், டவலோடு சேர்த்து ஐந்து தடவை துவைத்தாலும் சோல் பிரியக் கூடாது என்று பையர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் எங்கேயோ தேடி ஒரு பழைய இரண்டு துண்டு மெஷினை வாங்கி, நம்ம ஊர் கரண்டில் அது ஓட ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியும் பக்கத்தில் வைத்து, டெஸ்ட் லேபில் நிறுத்தினார்கள்.

3. கேட்காத வேலை

திங்கள்கிழமை என்னைக் கூப்பிட்டது தண்ணீர் கசிவுக்கு. கிளாம்ப் மாற்றினேன், பத்து நிமிஷ வேலை. சாப்பாட்டு நேரம், லேபில் யாரும் இல்லை. மூடியை மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும். என் கை சும்மா இருக்காது. அஜிடேட்டரின் மேல்துண்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். இந்தப் பக்கமும் சுற்றியது, அந்தப் பக்கமும் சுற்றியது. பல் நாலும் போயே போச்சு.

என் பையில் புதுப் பல் ஒரு செட் இருந்தது. மூடியைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, மேல்துண்டைத் தூக்கி, பழசை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு புதுசை மாட்டினேன். தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தேன். மேல்துண்டு கெத்தாகச் சுற்றியது. எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

சர்வீஸ் சீட்டில் 'ஹோஸ் கிளாம்ப் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். பல் மாற்றியதை எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கேட்காத வேலைக்குச் சீட்டு எழுதினால், யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கேட்பார்கள். நம் கைவேலையை அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு திமிரும் இருந்தது. மறுநாளே தெரிந்துகொண்டார்கள்.

4. "தூக்கிப் போட்டுட்டேன்"

செவ்வாய்க்கிழமை லேபுக்குள் நுழைந்தபோது மேஜையில் இரண்டு ஜோடி ஷூ. சோல் முன்பக்கம் பிரிந்து தொங்கியது. மேஜைக்குப் பின்னால் விஜயா உட்கார்ந்திருந்தார். மாதனூர்ப் பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். லேப் டெஸ்ட் எல்லாம் அவர் பொறுப்பு. பாஸ் என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

"இதுக்கு முன்னாடி ஷூ தண்ணியில எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"மேலயே மிதக்கும்ணா. சோல் லேசானது இல்ல? ஏரியில வாத்து போற மாதிரி மெதுவா சுத்தும். இன்னைக்கு என்னடான்னா தூண் அப்படியே டவலோட சேத்து உள்ள இழுத்துட்டுப் போவுது. பார்க்கவே பாவமா இருந்துச்சு."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆறு மாதமாக அந்த ஷூக்கள் துவைக்கப்படவே இல்லை. நீச்சல் பழகிவிட்டு வந்திருக்கின்றன. பல் மாற்றியதைச் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. பின்னாலேயே வந்து நின்ற முனீர் பாயிடம் சொன்னேன்.

"உன்னை யாரு மாத்தச் சொன்னது?"

"தேஞ்சு போயிருந்துச்சு பாய்."

"தேஞ்சா தேஞ்சுட்டுப் போவட்டும். அது தேஞ்சு இருந்தப்போ எங்க ஷூ நல்லா இருந்துச்சு. இப்ப அது நல்லா இருக்குது, எங்க ஷூ பிரிஞ்சுபோச்சு. எனக்கு ஷூவா முக்கியம், உன் பல்லா முக்கியம்? பழசையே போட்டுட்டு இடத்தைக் காலி பண்ணு."

பாக்கெட்டில் நாலு பல்லும் நெஞ்சைக் குத்திக்கொண்டு இருந்தன. எடுத்து மாட்டினால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டேன் பாய்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நேர்மைக்காகச் சொன்னதும் இல்லை. நல்ல பல்லைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த பல்லை என் கையாலேயே மாட்டுவதா என்று ஒரு ரோஷம். அவ்வளவுதான்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ உன் மிஷின்தான் ஷூவைக் கிழிக்குது. நான் பையர்கிட்ட அதைத்தான் சொல்லப் போறேன். மெக்கானிக் கெடுத்துட்டான்னு." சொல்லிவிட்டு வெளியே போனார்.

விஜயா எழுந்து வந்து பிரிந்த ஷூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பிரிஞ்சா முதல்ல என் தலைதான்ணா. ஆறு மாசமா பாஸ்னு கையெழுத்துப் போட்டது நான். லைன்ல பதினோரு வருஷம் நின்னுகினே நூல் வெட்டினேன். இந்தக் கம்பெனியில எனக்கு சேர் போட்டது இங்கதான். திரும்ப நிக்க வச்சிடுவாங்க."

அந்த நாற்காலியைப் பார்த்தேன். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் ஒரு சின்ன துண்டு மடித்துப் போட்டிருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் கை பாக்கெட்டுவரை போனது. பாய் மட்டும் அப்போது இன்னொரு தடவை கேட்டிருந்தால் எடுத்து மாட்டியிருப்பேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்?

"அம்மா, மெஷின் கிழிக்குதா, ஷூவே அப்படித்தானான்னு நாளைக்குப் பார்த்துடலாம்" என்றேன்.

5. குட்டியானையில் இரண்டு மெஷின்

புதன்கிழமை காலை ஒரு குட்டியானை வண்டியில் என் கடையிலிருந்து இரண்டு மெஷினை ஏற்றினேன். ஒன்று, லுங்கி கட்டிய அந்த ஒரே துண்டுத் தூண். இன்னொன்று ஒரு பல்சேட்டர். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தி, "ஷூ கம்பெனின்னு போர்டு போட்டிருக்குது, வண்ணான்துறைன்னா நினைச்ச?" என்றார். உள்ளே விடுவதற்கு முனீர் பாயே வர வேண்டியதாயிற்று.

மூன்று மெஷினையும் வரிசையாக நிறுத்தினோம். பேக் செய்து வைத்திருந்த லாட்டிலிருந்து விஜயா கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஷூ, மெஷினுக்கு ஆறு ஜோடி. ஒரே எண்ணிக்கை டவல், ஒரே அளவு சோப்பு. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தோம்.

ஒரே துண்டுத் தூண் ஷூவை அடியில் பிடித்துக்கொண்டு விளாசியது. சத்தத்தைக் கேட்டு லைனில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு துண்டுத் தூண் அமைதியாக ஒவ்வொரு ஷூவாக உள்ளே இழுத்து, வேறு பக்கம் வெளியே அனுப்பியது. பல்சேட்டரில் ஷூவும் டவலும் ராட்டினம் சுற்றின. முனீர் பாய் அரைமணிக்கு ஒருதரம் வந்து மூன்று மெஷினுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது ரவுண்டில் பல்சேட்டரைப் பார்த்து, "இது கொஞ்சம் கருணையோட துவைக்குது. இதையே லேபுக்கு வச்சிடலாமா?" என்றார்.

"பையரு தூண் மிஷின்னு எழுதியிருக்காரு சார்" என்றார் விஜயா.

மூன்று மணிக்கு ஐந்தாவது ரவுண்டு முடிந்தது. ஒரே துண்டில் இரண்டு ஜோடி பிரிந்திருந்தது. இரண்டு துண்டிலும் இரண்டு ஜோடி. பல்சேட்டரில் ஒரு ஜோடி, அதுவும் பாதி. மற்ற பதின்மூன்று ஜோடியும் கல் மாதிரி இருந்தன. முரட்டு அடி வாங்கியதில்கூட நாலு ஜோடி ஒன்றும் ஆகாமல் வந்திருந்தது.

"பாருங்க பாய்," என்றேன். "மெஷின் கிழிச்சா எல்லாத்தையும் கிழிச்சிருக்கணும். உங்க ஷூல நல்லதும் இருக்குது, கெட்டதும் இருக்குது. மெஷின் அதைப் பிரிச்சுக் காட்டுது. அவ்வளவுதான்."

"நல்லது கெட்டதுன்னா எப்படிய்யா? ஒரே தோலு, ஒரே சோலு, ஒரே பேஸ்ட்டு!"

எனக்குத் தெரிந்தது அதோடு முடிந்தது. அஜிடேட்டரைப் பற்றிக் கேட்டால் சாயங்காலம்வரை பேசுவேன், ஷூவைப் பற்றி எனக்குக் காலில் போடத்தான் தெரியும். விஜயாதான் பிரிந்த ஐந்து ஜோடியையும் தனியாக வைத்து, ஒவ்வொன்றின் நாக்கையும் புரட்டினார். உள்பக்கத்தில் ஒரு எண் குத்தியிருக்கும். எத்தனையாவது மணி நேரத்தில் சோல் ஒட்டியது என்பதற்கான அடையாளம். காலை முதல் மணி ஒன்று, சாயங்காலம் கடைசி மணி எட்டு.

"எட்டு," என்றார். அடுத்ததைப் புரட்டினார். "எட்டு." ஐந்தும் எட்டு. பிரியாத பதின்மூன்றில் ஒன்றில்கூட எட்டு இல்லை.

6. ஹார்ன்

சோல் ஒட்டுவதில் ஒரு முறை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பேஸ்ட் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, சூடு காட்டி, அப்புறம் அழுத்த வேண்டும். ஈரத்தோடு அழுத்தினால் ஒட்டின மாதிரி இருக்கும், பிடிப்பு இருக்காது.

முனீர் பாய் சூப்பர்வைசரைக் கூப்பிடப் போனார். விஜயா தடுத்தார்.

"சார், சூப்பர்வைசர் வேணாம். கோவிந்தனைக் கூப்பிடுங்க."

கோவிந்தன் மாதனூர் போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவர். பஸ் கிளம்புகிற நேரம் ஐந்தரை. ஆனால் ஹைவேயில் நெரிசல் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்று ஐந்து பத்துக்கே முதல் ஹார்னை அடித்துவிடுவார். ஹார்ன் கேட்டதும் பேஸ்ட் டேபிளில் இருக்கிறவர்களுக்குக் கை பரபரக்கும். டிரேயில் இருப்பதை முடித்தால்தான் கை கழுவப் போக முடியும். பேஸ்ட் காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த பஸ்ஸில்தான் விஜயாவும் தினமும் போகிறார். லைனில் நின்ற காலத்தில் அவரும் அந்த ஹார்னுக்கு ஓடியவர்தான்.

"பையருக்கு அனுப்பின சாம்பிள் ஷூ எல்லாம் சாம்பிள் ரூம்ல காலையில நிதானமா ஒட்டினது சார். இது பெரிய ஆர்டர். கடைசி மணி ஷூவும் இதுல இருக்குது" என்றார்.

கோவிந்தன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சாவி நின்றது.

"நான் ஹார்ன் அடிச்சா ஷூ பிரியுமா சார்? இது இன்னா அநியாயமா இருக்குது! பதினஞ்சு வருஷம் வண்டி ஓட்டுறேன், ஒரு டயர்கூட பிரிஞ்சதில்ல!"

"டயர் பிரிஞ்சா உனக்குத் தெரியும். சோல் பிரிஞ்சா அங்க ஒரு கொழந்தைக்குத்தான் தெரியும்" என்றார் முனீர் பாய். "இனிமே அஞ்சரைக்கு முன்னாடி ஹார்ன்ல கை வச்ச, பஸ்ல ஹார்னே இருக்காது. கழட்டிடுவேன்."

"நெரிசல்ல மாட்டினா?"

"மாட்டு."

அன்று சாயங்காலமும் வியாழக்கிழமை முழுக்கவும் பெட்டி பெட்டியாகப் பிரித்து, நாக்கைப் புரட்டி, எட்டு போட்டதையெல்லாம் தனியே எடுத்து, சோலைக் கழற்றி மறுபடி ஒட்டினார்கள். நானும் பெட்டி பிரித்தேன். யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை மட்டும் கேட்காத வேலையைச் செய்ததற்கு டீ கொடுத்தார்கள்.

7. வெள்ளிக்கிழமை

பையரின் ஆள் ஆறடிக்கு மேல் உயரம். லேபுக்குள் வந்ததும் ஷூவைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகிவிட்டார். அவர் சின்ன வயதில் அவர் வீட்டில் இதே மெஷின் இருந்ததாம். மூடியைத் திறந்து தூணைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார், சுற்றியது. மறுபக்கம் திருப்பினார், பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்து, நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னார்.

அந்த ஆளுக்கு விஷயம் தெரியும். பழைய பல் இருந்திருந்தால் அந்த நிமிஷமே பிடித்திருப்பார். ஆறு மாத ரிப்போர்ட்டையும் குப்பையில் போட்டிருப்பார். முனீர் பாய் என்னைப் பார்த்த பார்வையில் திட்டும் இருந்தது, நன்றியும் இருந்தது. எது ஜாஸ்தி என்று சொல்ல முடியவில்லை.

பெட்டிகளிலிருந்து அவரே எட்டு ஜோடி எடுத்தார். அதில் மூன்று ஜோடி மறுபடி ஒட்டினது என்று விஜயாவின் முகமே சொல்லியது. முதல் ரவுண்டு முழுக்க அந்த ஆள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். நாங்கள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி நின்றோம். ஐந்தாவது ரவுண்டு முடிந்து விஜயா ஒவ்வொரு ஷூவாக எடுத்து வைத்தார். அந்த ஆள் ஒவ்வொன்றின் சோலிலும் கட்டைவிரல் நகத்தை விட்டு நெம்பினார். ஒன்றும் வரவில்லை. ரிப்போர்ட்டை விஜயா பக்கம் தள்ளினார். விஜயா நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார்.

நான் கிளம்பும்போது விஜயா கேட் வரைக்கும் கூட வந்தார்.

"அண்ணா, அந்தப் பழைய பல்லைக் குடுத்துட்டுப் போங்க."

"அதுதான் தூக்கிப் போட்டுட்டேனேம்மா."

"செவ்வாக்கிழமை குனிஞ்சு மெஷினைப் பார்த்தீங்க இல்ல, அப்பவே பாக்கெட்ல தெரிஞ்சுது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்போ பாய்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அன்னைக்கே உனக்குத் தலைவலி முடிஞ்சிருக்குமே."

"சொல்லியிருந்தா நீங்க போட்டிருப்பீங்க. நானும் பாஸ்னு எழுதியிருப்பேன்" என்றார். "ரெண்டு பேருமே அப்படித்தான் இருந்தோம்ணா. யாராவது ஒருத்தர் வாயை மூடிக்கணும் இல்ல?"

எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் தொழிலில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கழற்றிய சாமான் எதுவானாலும் கஸ்டமர் கையில் வைத்து, இதைக் கழற்றினேன், இதைப் போட்டேன் என்று வாயால் சொல்லி, சீட்டிலும் எழுதிவிட்டுத்தான் வெளியே வருவேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பழைய சாமான் உங்கள் பாக்கெட்டில் இருக்கிறவரை வேலை முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு மெஷினில் ஆறு மாதமாக ஒரு குறையும் இல்லை என்று யாராவது சொன்னால், முதலில் அதன் மூடியைத் திறந்து பாருங்கள்.

போன மாதம் அந்த லேபுக்கு ஒரு பெல்ட் மாற்றப் போனேன். டெஸ்ட் ரிஜிஸ்டரின் அட்டையில் அந்த நாலு பல்லும் வரிசையாக ஒட்டியிருந்தன. கை சும்மா இருக்குமா? ஒன்றை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், நகம்தான் வலித்தது.

விஜயா நாற்காலியில் இருந்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"வராதுணா. காயவிட்டு ஒட்டினது."